மேசை மேல் ஈரத் தடம்

கால்நடை கிளினிக்கில் என் வேலையை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: பிடிப்பது. டாக்டர் ஊசி போடுவார், காதைப் பார்ப்பார், நகம் வெட்டுவார். அது முடியும்வரை நாயை அசையாமல் பிடித்துக்கொள்வது நான். 11 வருடமாகப் பிடிக்கிறேன். அதில் முதல் 4 வருடம் தப்பாகப் பிடித்தேன்.

அப்போது எங்களிடம் வரும் நாய்கள் இரண்டே வகை. குரைத்தால், உறுமினால், துள்ளினால் 'கஷ்டமான நாய்'. அதன் அட்டையின் மூலையில் சிவப்புப் பேனாவால் ஒரு குறி போட்டுவிடுவோம். மேசையில் ஏற்றியதும் சிலை மாதிரி நின்றால் 'நல்ல நாய்'. "எவ்வளவு சமத்து பாருங்க" என்று கொண்டுவந்தவரிடம் சொல்வேன். அவருக்கும் பெருமையாக இருக்கும்.

என்னைக் கடித்தது ஒரு நல்ல நாய்தான். ரோஸி, 5 வயது லாப்ரடார். அட்டையில் சிவப்புக் குறி கிடையாது. இடது காதில் சீழ் வைத்திருந்தது. கழுத்தை என் தோளோடு அணைத்துப் பிடித்திருந்தேன். அது கொட்டாவி விட்டது. "என்னடி, தூக்கம் வருதா?" என்று சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் என் இடது கை அதன் வாய்க்குள் இருந்தது.

காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவினேன். எங்களைப் போன்றவர்கள் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டிருப்போம். அதனால் அன்றைக்கு ஒன்று, மூன்று நாள் கழித்து ஒன்று என்று இரண்டு ஊசியோடு முடிந்தது. வலியைவிட எனக்குக் கோபம்தான் அதிகம். "உறுமக்கூட இல்ல டாக்டர், திடீர்னு கடிச்சிடுச்சு" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாயங்காலம் அந்த அறையின் கேமரா பதிவைப் போட்டுக் காட்டினார்.

அந்தப் பதிவை எத்தனை முறை பார்த்தேன் என்று நினைவில்லை. கடிப்பதற்கு முந்தைய ஒரு நிமிடத்துக்குள் ரோஸி மூன்று முறை மூக்கை நக்குகிறது. கொட்டாவி விடுகிறது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறது. ஆனால் கண் மட்டும் என் கைமேல் இருப்பதால், ஓரத்தில் வெள்ளை பிறை மாதிரி தெரிகிறது. முன்னங்கால் ஒன்று மேசையிலிருந்து லேசாக எழும்புகிறது. கடைசியாக, அதுவரை மூச்சிரைத்துக்கொண்டிருந்த வாய் பட்டென்று மூடி, உடம்பு விறைக்கிறது. நான் அந்த நேரத்தில் பிடியை இன்னும் இறுக்குகிறேன். திடீரென்று என்று எதுவுமே இல்லை. ஐந்தாறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கடித்திருக்கிறது.

நார்வே நாட்டுப் பயிற்சியாளர் துரித் ருகாஸ் இந்தச் சின்னச் சின்ன அசைவுகளை 'அமைதிப்படுத்தும் சைகைகள்' என்று பெயரிட்டுத் தொகுத்தவர். பிரிட்டனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் கெண்டல் ஷெப்பர்ட் அதையே ஓர் ஏணியாக வரைந்து காட்டினார். கண்ணைச் சிமிட்டுவது, மூக்கை நக்குவது, கொட்டாவி எல்லாம் அடிப்படி. முகம் திருப்புவது, விலகிப்போவது, காதை ஒட்டவைத்துக்கொண்டு பதுங்குவது, வாலைக் காலிடுக்கில் ஒடுக்குவது என்று மேலே போகும். உறுமல் உச்சிக்குப் பக்கத்தில்தான். கடி கடைசிப் படி. உறுமினால் அதட்டுகிறோம், சிலர் அடிக்கிறார்கள். அப்படிப் பழக்கிய நாய் உறுமுவதை விட்டுவிடும், பயப்படுவதை விடாது. ஏணியில் ஒரு படியை நாமே உடைத்துப்போட்டுவிட்டு அப்புறம் 'சொல்லாமல் கடித்தது' என்கிறோம். இன்றைக்கு ஒரு நாய் என்னிடம் உறுமினால் எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. வாய் விட்டுச் சொல்கிறதே!

தனியாக ஒரு கொட்டாவியை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. தூங்கி எழுந்த நாயும் கொட்டாவி விடும், வெயிலில் ஓடிவந்த நாயும் மூச்சிரைக்கும். எங்கே, எப்போது, கூட என்னென்ன என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். வாலாட்டுவதும் இப்படித்தான். 2007இல் இத்தாலிய ஆய்வாளர்கள் அளந்து பார்த்ததில், தன் வீட்டு ஆளைக் கண்ட நாயின் வால் அதன் வலப்பக்கம் கூடுதலாகச் சாய்ந்ததாம். மிரட்டலாக நிற்கும் அந்நிய நாயைக் கண்டபோது இடப்பக்கம். எனக்கு அதைக் கண்ணால் பிரித்துப் பார்க்க வரவில்லை, முயன்று தோற்றேன். வாலை விட்டுவிட்டு உடம்பைப் பார்ப்பதே எனக்குச் சுலபம்: இடுப்போடு சேர்ந்து குழைகிறதா, உடம்பு கட்டையாக இருக்க வால்நுனி மட்டும் ஆடுகிறதா?

நான் அதிகம் நம்புவது இன்னும் இரண்டு தடயங்களை. நாய்க்கு உள்ளங்காலில் வியர்க்கும். பயந்த நாயை இறக்கிவிட்டபின் ஸ்டீல் மேசையைச் சாய்வாகப் பார்த்தால் நான்கு ஈரத் தடங்கள் தெரியும். அப்புறம் முடி. உள்ளே வரும்போது கொட்டாத முடி, ஐந்து நிமிடம் பிடித்ததும் என் சட்டை முழுக்க ஒட்டியிருக்கும். சமத்து என்று நான் பாராட்டிய நாய்கள் எத்தனை பேர் இந்த மேசையில் தடம் பதித்துவிட்டுப் போயிருப்பார்கள்! துடைத்தது நான்தான். எதைத் துடைக்கிறேன் என்று தெரியாமலே துடைத்தேன்.

பிடிப்பது எப்படி மாறியது என்றால், முதலில் அந்த மேசையே மாறியது. வழுக்கும் பரப்பில் நிற்கவைத்தாலே பாதிப் பயம் வந்துவிடும். மேலே ஒரு ரப்பர் விரிப்பு போட்டோம். பெரிய நாய்களைத் தரையிலேயே பார்க்கிறோம். நேருக்கு நேர் போய்க் குனியாமல் பக்கவாட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். கூட்டமாக இருந்தால் நாயை வெளியிலேயே நிறுத்திவைத்து, முறை வந்ததும் கூப்பிடுகிறோம். மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுவேன். தானாகச் சாய்ந்து வந்தால் மேலே போகலாம். தலையைத் திருப்பினால், சரி, காத்திருக்கலாம். பிஸ்கட் நீட்டிப் பார்ப்பதும் ஒரு சோதனை. வீட்டில் பறந்து பறந்து தின்னும் நாய் இங்கே மோந்துகூடப் பார்க்கவில்லை என்றால், அதற்குப் பசியில்லை என்று அர்த்தம் இல்லை.

வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்பது: "பயப்படும்போது தடவிக்கொடுத்தா பயம் கூடிடுமா?" அதிகமாகாது. பயம் என்பது பரிசு கொடுத்து வளர்க்கிற பழக்கம் இல்லை. அது பக்கத்தில் வந்தால் இருங்கள், கட்டிலடியில் ஒளிந்தால் இழுக்காதீர்கள். இடி இடித்த அன்றைக்கே விருந்தாளி, அன்றைக்கே குளியல், அன்றைக்கே நகம் வெட்டு என்று அடுக்காதீர்கள். ஏறிய படபடப்பு அடுத்த மணியே இறங்கிவிடாது. இரண்டு நாள் அமைதியாக விட்டு, நடக்கக் கூட்டிப்போனால் வேகமாக இழுக்காமல் ஆற அமர மோந்து பார்க்க விடுங்கள்; பல நாய்களுக்கு அதுவே போதும். சிலவற்றுக்குப் போதாது. கிளினிக்குக்கு வருமுன் கொடுக்கும் பயம் குறைக்கிற மாத்திரைகள் இருக்கின்றன, டாக்டர் எடை பார்த்துத் தருவார். மனிதர்களுக்கு வாங்கிய மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்துவிட்டு வருபவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் படபடப்பு. இன்னொன்று: நேற்றுவரை சாதுவாக இருந்த நாய் இன்றைக்குச் சீறினால், குணம் மாறிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பல், காது, மூட்டு என்று எங்காவது வலிக்கலாம். ரோஸிக்கும் அப்படித்தான் இருந்தது.

கடிக்குப் பிறகு ரோஸி வராது என்று நினைத்தேன். அந்தக் குடும்பம் வாரம் ஒருமுறை கூட்டிவந்தது. டாக்டர் சொல்லியிருந்தார், எதுவும் செய்யக் கூடாது என்று. வாசலில் நிற்கும், பிஸ்கட் தின்னும், போய்விடும். அடுத்த வாரம் எடைக் கருவி வரை. ஆறாவது வாரம் விரிப்பில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து, கடித்த கையை மோந்து பார்த்தது. வலது காதை லேசாகத் தொட்டேன். கொட்டாவி விட்டது. கையை எடுத்துவிட்டேன். எழுந்து நாலடி போய், மூக்கிலிருந்து வால்வரை குளித்தெழுந்த மாதிரி ஓர் உதறு உதறியது. திரும்பி வந்து, பழைய இடத்திலேயே உட்கார்ந்தது.

அன்று அதன் அட்டையில் எழுதினேன்: 'தரையில் பார்க்கவும். இடது காதை முதலில் தொட வேண்டாம். கொட்டாவி விட்டால் நிறுத்தவும்.'