மார்ஷல் ஹாலும் சாட்சிக் கூண்டும்

செஷன்ஸ் வழக்கு (கொலை போன்ற பெரிய குற்ற வழக்கு) நடத்துகிறவர்களிடம் எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரை, சாட்சிக் கூண்டில் ஏற்றலாமா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் வேண்டவே வேண்டாம் என்பார்கள். சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அரசுத் தரப்புக் குறுக்கு விசாரணைக்கு யார் கழுத்தை நீட்டுவது? எனக்கும் அதே பயம்தான். அதனால்தான், எதிரிகளுக்காக வாதாடிப் பேர்பெற்ற ஆங்கில வழக்கறிஞர் சர் எட்வர்ட் மார்ஷல் ஹால் (1858–1927) நடத்திய வழக்குகள் எனக்குச் சலிப்பதில்லை.

இங்கிலாந்தில் 1898ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை கொலை வழக்கில் எதிரி சத்தியம் செய்து சாட்சி சொல்ல முடியாது. 1907இல் எமிலி டிம்மாக் கொலை வழக்கில் ராபர்ட் வுட் என்ற ஓவியரை ஹால் கூண்டில் ஏற்றினார். முதல் கேள்வியே, எமிலியைக் கொன்றீர்களா என்பதுதான். ஆசாமி சிரித்துவிட்டார்! நேராகப் பதில் சொல்லுங்கள் என்று வற்புறுத்திய பிறகுதான் 'இல்லை' என்றார். ஆனாலும் விடுதலை.

1912இல் ஃபிரெடரிக் செடன். வீட்டில் குடியிருந்த பெண்மணியை ஆர்செனிக் வைத்துக் கொன்றதாக வழக்கு. ஹால் தடுத்தும் கேட்காமல் கூண்டேறினார். அரசுத் தரப்பில் வாதாடியவர் ரூஃபஸ் ஐசக்ஸ். "அந்தப் பெண்மணியை உங்களுக்குப் பிடிக்குமா?" என்று சாதாரணமாகக் கேட்டார். பிடிக்கும் என்றாலும் மாட்டிக்கொள்வார், பிடிக்காது என்றாலும் மாட்டிக்கொள்வார். கணக்குப் பிள்ளை மாதிரி உணர்ச்சியே இல்லாமல் பதில் சொல்லிச் சொல்லியே செடன் தூக்குக்குப் போனார். சேர்த்து விசாரிக்கப்பட்ட மனைவி விடுதலை. அவர் கூண்டில் எப்படிப் பேசினாலும் சாட்சியம் அவருக்கு எதிராக அவ்வளவு இல்லை.

எனக்குப் பிடித்தது 1920 லெஸ்டர் வழக்கு. பெல்லா ரைட் என்ற 21 வயதுப் பெண் தலையில் குண்டு பாய்ந்து கிடந்தாள். அவளோடு வந்தவரின் பச்சை நிற சைக்கிள், மாதங்கள் கழித்து கால்வாயிலிருந்து கிடைத்தது. கைத்துப்பாக்கி உறையும் தோட்டாக்களும்கூட. ரொனால்ட் லைட் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்: சைக்கிள் என்னுடையது, அவளோடு போனேன், பயத்தில் எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டேன், கொல்லவில்லை. சரி, இனி அரசுத் தரப்பு எதை நிரூபிப்பது? இன்னொரு பக்கம் ஹால் துப்பாக்கி நிபுணரைக் குடைந்து, அந்தக் குண்டு கைத்துப்பாக்கியிலிருந்துதான் என்றில்லை, ரைபிளிலிருந்தும் வந்திருக்கலாம் என்று சொல்லவைத்தார். ஹாலுக்குத் துப்பாக்கிகள் பற்றி நன்றாகவே தெரியும். ஜூரி மூன்று மணி நேரம் யோசித்து லைட்டை விடுவித்தது.

ஹாலுடைய மேடை நாடகப் பேச்சைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். நான் அந்த நிபுணரின் குறுக்கு விசாரணையைத்தான் ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.