போனைத் திருப்பினால் டைமரைக் காணோம்

ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கும் நண்பருக்காக ஒரு சின்ன ஆன்ட்ராய்டு ஆப் எழுதிக்கொண்டிருந்தேன். எந்த ஆப் திறந்திருந்தாலும் அதற்கு மேல் வட்டமாக ஒரு டைமர் மிதக்க வேண்டும், விரலால் இழுத்து எந்த ஓரத்திலும் விட முடிய வேண்டும். போனை நிமிர்த்திப் பிடித்திருக்கும் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. படுக்கவாட்டில் திருப்பினால் டைமரைக் காணோம்.

என்ன நடந்தது என்பது உடனே புரிந்துவிட்டது. என் போன் திரை 1080-க்கு 2400 பிக்சல். டைமர் நின்றது மேலிருந்து 2100-ஆவது பிக்சலில். திருப்பியதும் திரையின் மொத்த உயரமே 1080 ஆகிவிடுகிறது. டைமர் எங்கோ கீழே, யாருக்கும் தெரியாத இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. சாதாரணமாக இப்படி வெளியே போகும் ஜன்னலை (திரையில் வரையப்படும் தனிப் பகுதியை) ஆன்ட்ராய்டே உள்ளே இழுத்துவிடும். ஆனால் வட்டம் ஓரத்தில் பாதி மறைந்து நிற்கட்டும் என்று திரைக்கு வெளியேயும் போக விடும் 'லேஅவுட் நோ லிமிட்ஸ்' என்ற ஃபிளாகை, அதாவது அமைப்பை, போட்டிருந்தேன். அது இருந்தால் சிஸ்டம் கை வைக்காது. திரை திரும்பியதை நானேதான் கண்டுபிடித்து நகர்த்த வேண்டும். அதுவும் சர்வீஸில் இருந்து, அதாவது தனக்கென்று திரை இல்லாமல் பின்னணியில் ஓடும் ஆப்பின் பகுதியில் இருந்து.

இணையத்தில் தேடினால் முதலில் வருவது பிராட்காஸ்ட், அதாவது சிஸ்டம் ஆப்களுக்கு அனுப்பும் பொது அறிவிப்பைக் கேட்கும் யோசனை. கான்ஃபிகரேஷன் (திரையின் திசை, மொழி போன்ற அமைப்புகள்) மாறும்போது சிஸ்டம் ஒரு பிராட்காஸ்ட் அனுப்புவது உண்மைதான். ஆனால் மேனிஃபெஸ்டில் (ஆப்பின் விவரக் கோப்பில்) எழுதிவைத்த ரிசீவருக்கு (அறிவிப்பை வாங்கும் பகுதிக்கு) அது வரவே வராது, ஓடும்போது கோடில் ரெஜிஸ்டர் செய்தால்தான் வரும். அந்தச் சுற்றே தேவையில்லை. ஆப்பின் திரைப் பக்கமான ஆக்டிவிட்டியைப் போலவே சர்வீஸுக்கும் 'ஆன் கான்ஃபிகரேஷன் சேஞ்ச்டு' என்ற கால்பேக் (மாற்றம் வந்தால் சிஸ்டமே கூப்பிடும் கோடு) இருக்கிறது. திரை திரும்பினால் ஆக்டிவிட்டி வழக்கமாக அழிந்து மறுபடி பிறக்கும். சர்வீஸ் அப்படியே உயிரோடு இருக்கும், இந்தக் கால்பேக் மட்டும் வரும். பர்மிஷன் எதுவும் வேண்டாம். புது கான்ஃபிகரேஷனில் ஓரியன்டேஷன் 1 என்றால் போர்ட்ரெய்ட், 2 என்றால் லேண்ட்ஸ்கேப். அவ்வளவுதான்.

இடத்தை பிக்சலாகச் சேமிப்பதை விட்டு விகிதமாக மாற்றினேன். 2100-ஐ 2400-ஆல் வகுத்தால் 0.875. அதை 1080-ஆல் பெருக்கினால் 945. டைமர் பழையபடி கீழ் ஓரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

இத்தோடு முடிந்தது என்று நினைக்கும்போது நண்பர் அடுத்த புகாரோடு வந்தார். சார்ஜர் வயர் இடிக்கிறது என்று, படுக்கவாட்டில் இருக்கும் போனை அப்படியே தலைகீழாகத் திருப்பிவிடுவாராம். அப்போது கேமரா ஓட்டை மறு பக்கம் போய், டைமர் அதன் மேலேயே உட்கார்ந்துவிடுகிறது. இங்கே கால்பேக் மூச்சுவிடவில்லை. அதுவும் நியாயம்தான்: முன்பும் லேண்ட்ஸ்கேப், இப்போதும் லேண்ட்ஸ்கேப். அகலமும் உயரமும் மாறவில்லை.

சென்சாரைக் கேட்கலாமா என்று 'ஓரியன்டேஷன் ஈவென்ட் லிசனர்' பக்கம் போனேன். 0 முதல் 359 வரை டிகிரி கணக்கில் அது சொல்லும். மேசையில் மல்லாத்தி வைத்தால் -1. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நமக்கு ஆகாது. அது சொல்வது கையில் போன் எப்படி இருக்கிறது என்பதை, திரை எப்படி இருக்கிறது என்பதை அல்ல. ஆட்டோ ரொட்டேட்டை அணைத்து வைத்திருந்தாலும் டிகிரியைக் கொட்டிக்கொண்டே இருக்கும். படுத்துக்கொண்டு போன் பார்ப்பவருக்கு டைமர் காரணமே இல்லாமல் இடம் மாறும். பேட்டரியும் கரையும். போதாததற்கு, ஆன்ட்ராய்டு 9-இலிருந்து பின்னணியில் கிடக்கும் ஆப்புக்கு ஆக்சலரோமீட்டர் (போனின் அசைவையும் சாய்வையும் அளக்கும் சென்சார்) தகவலே வராது.

சரியான இடம் டிஸ்பிளே மேனேஜர், அதாவது திரைகளைக் கவனிக்கும் ஆன்ட்ராய்டின் பகுதி. ஆன்ட்ராய்டு 4.2-இலிருந்தே அதில் திரையில் மாற்றம் வந்தால் கூப்பிடும் டிஸ்பிளே லிசனர் இருக்கிறது. ரெஜிஸ்டர் செய்துவிட்டு, மாற்றம் வரும்போது டிஸ்பிளேயின் ரொட்டேஷனைக் கேட்டால் 0, 1, 2, 3 என்று நான்கில் ஒன்று வரும், ஒவ்வொரு எண்ணும் ஒரு கால் சுற்று (முன்பு சொன்ன ஓரியன்டேஷன் எண் வேறு, இது வேறு). 1-இலிருந்து 3-க்குத் தாவினால் அதுதான் நண்பரின் தலைகீழ் வித்தை. இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, ரெஃப்ரெஷ் ரேட் மாறினால்கூட இந்த லிசனர் கூப்பிடும். அதனால் பழைய ரொட்டேஷனை நினைவில் வைத்து, மாறியிருந்தால் மட்டும் நகர்த்த வேண்டும். இன்னொன்று, ஆன்ட்ராய்டு 11-இல் வந்த 'கெட் டிஸ்பிளே' என்ற கட்டளையை சர்வீஸிலிருந்து நேரடியாக அழைத்தால் எக்செப்ஷன் (ஓடும்போது வரும் பிழை) விழும், ஏனென்றால் சர்வீஸுக்கென்று திரை கிடையாது. டிஸ்பிளே மேனேஜரிடமே டிஃபால்ட் டிஸ்பிளேயைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இதெல்லாம் சர்வீஸ் உயிரோடு இருந்தால்தானே? ஆன்ட்ராய்டு 8-க்குப் பிறகு ஆப் பின்னணிக்குப் போனால் சாதாரண சர்வீஸைச் சில நிமிடங்களில் நிறுத்திவிடுவார்கள். அதனால் அதை ஃபோர்கிரவுண்ட் சர்வீஸாக்கினேன், அதாவது நோட்டிஃபிகேஷன் காட்டிக்கொண்டு பயனருக்குத் தெரிய ஓடும் சர்வீஸாக. ஆன்ட்ராய்டு 14-ஐ டார்கெட் செய்தால் அதற்கு ஒரு வகையும் சொல்ல வேண்டும். மிதக்கும் டைமருக்குப் பொருத்தமான வகை எதுவும் இல்லாததால் 'ஸ்பெஷல் யூஸ்' போட்டு, ப்ளே கன்சோலில் (ப்ளே ஸ்டோரில் ஆப்பை வெளியிடும் தளத்தில்) ஏன் என்று விளக்கம் எழுதினேன்.

சோதிக்க ஒவ்வொரு தடவையும் போனைத் திருப்பிக் கை வலிக்க வேண்டியதில்லை. ஏடிபி (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) வழியாக சிஸ்டம் செட்டிங்ஸில் ஆக்சலரோமீட்டர் ரொட்டேஷனை 0 ஆக்கிவிட்டு, யூசர் ரொட்டேஷனுக்கு 0 முதல் 3 வரை மாற்றி மாற்றிக் கொடுத்தால் திரை தானே சுழலும். 1-க்கு அடுத்து நேராக 3 கொடுத்தால் அந்த வயர் பிரச்சினையை மேசையில் இருந்தபடியே கொண்டுவரலாம்.

அப்புறம் டேப்லெட். பல டேப்லெட்களில் ரொட்டேஷன் 0 என்பதே படுக்கவாட்டு நிலை. அதனால் 0 வந்தால் போர்ட்ரெய்ட் என்று எங்கும் எழுதவில்லை. கேமரா ஓட்டை எந்தப் பக்கம் என்று பார்க்க மட்டும் ரொட்டேஷன். நிமிர்ந்திருக்கிறதா படுத்திருக்கிறதா என்பதற்கு அகலத்தையும் உயரத்தையும் ஒப்பிட்டுக்கொள்கிறேன்.