ஒரு லீவரா, ரெண்டா?

ஜூலை 8, செவ்வாய்

அதிகாலை 4.50, சென்னை. காக்பிட்டில் துணை விமானி இருக்கையில் உட்கார்ந்ததும் டெக் லாக்கைத்தான் திறந்தேன், விமானத்தின் குறைகளை எழுதும் பதிவேடு அது. ஞாயிறு இரவு வந்த ஸ்னாக், அதாவது கோளாறு: இரண்டாம் என்ஜின் ரிவர்சர் திறக்கவில்லை. மாற்றுவதற்குப் பொருள் கையில் இல்லை. எந்தக் குறையோடு பறக்கலாம் என்று சொல்லும் எம்.இ.எல். பட்டியல்படி பூட்டிவிட்டு, சரிசெய்வதை சி வகைக் கெடுவில் தள்ளிவைத்திருக்கிறார்கள். கண்டுபிடித்த நாளைக் கழித்து 10 நாள் கெடு.

விமானிகள் அல்லாதவர்களுக்கு: தரை தொட்டதும் என்ஜின் காற்றை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைப்பதுதான் ரிவர்சர். ஒன்று இல்லாமலும் பறக்கலாம். நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு சக்கர பிரேக்குக்கு.

என்ஜின் விசையைக் கூட்டவும் குறைக்கவும் ரிவர்ஸுக்கு இழுக்கவும் என்ஜினுக்கு ஒரு லீவர். இரண்டாம் லீவரின் தலையில் ஆரஞ்சு ஸ்டிக்கர், அதில் பால்பாயின்ட் பேனாவால் 'இனாப்', வேலை செய்யாது என்று அர்த்தம். தொட்டதும் ஒரு ஓரம் என் விரலோடு வந்துவிட்டது. திரும்ப அழுத்தி ஒட்டினேன்.

எம்.இ.எல்.லில் குறைக்குப் பக்கத்தில் 'எம்' என்று இருந்தால் இன்ஜினியர் செய்ய வேண்டியது, 'ஓ' என்று இருந்தால் நாங்கள் செய்ய வேண்டியது. "எம் முடிச்சாச்சு மேடம், ஓ உங்க பாடு" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஏ.எம்.இ., அதாவது பராமரிப்பு இன்ஜினியர், இறங்கிவிட்டார். எங்கள் பாடு என்ன என்று பார்த்தால், எங்கள் கம்பெனி எழுதிவைத்திருப்பதன் சாரம் ஒரே வரி: ரிவர்ஸை வழக்கம்போல் பயன்படுத்தலாம்.

"வழக்கம்போல்னா, நல்லா இருக்கிறதை மட்டும் இழுக்கிறதுதானேம்மா?" என்றார் கேப்டன்.

"இல்ல சார். ரெண்டையும் சேர்த்து இழுக்கணும்னுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாங்க."

அவர் ஏர்பஸ்ஸில் எனக்கு 15 வருடம் மூத்தவர். ஒரு நிமிடம் இருவரும் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் ஆபீஸுக்குப் போன் போட்டார். ரெண்டையும்தான் என்று பதில் வந்தது. கிளம்பினோம், 12 நிமிடம் தாமதம். தாமதக் கணக்கில் அது எந்தத் தலைப்பில் ஏறியதோ.

ஜூலை 9, புதன்

விடுமுறை. துவைத்ததைக்கூட மடிக்காமல், பிரேசிலின் சாவோ பாவ்லோ விபத்தின் விசாரணை அறிக்கையை மறுபடி எடுத்து உட்கார்ந்தேன். டாம் நிறுவனத்தின் 3054ஆம் விமானம், ஏர்பஸ் ஏ320, 2007 ஜூலை 17. கொங்கோன்யாஸ் விமான நிலையத்தில் 1,940 மீட்டர் ஓடுபாதை, மழை ஈரம். அந்த விமானத்திலும் வலது ரிவர்சர்தான் பூட்டப்பட்டிருந்தது. உள்ளே 187 பேர், கீழே 12 பேர், மொத்தம் 199 உயிர்.

ஒரு ரிவர்சர் பூட்டியிருந்தால், பழைய முறைப்படி, இரண்டு லீவரையும் ஐடிலுக்கு, அதாவது குறைந்தபட்ச விசைக்கு, கொண்டுவந்துவிட்டு, வேலை செய்கிற பக்கத்தை மட்டும் ரிவர்ஸுக்கு இழுக்க வேண்டும். புது முறையில் இரண்டையுமே ரிவர்ஸுக்கு இழுக்க வேண்டும். பூட்டியது எப்படியும் திறக்காது. கைக்கு ஒரே அசைவு, ஒரு லீவரை மறந்து விட்டுவிட வழியில்லை. ஆனால் புது முறைக்குத் தரையிறங்கும் தூரக் கணக்கில் 55 மீட்டர் கூட்ட வேண்டும். நனைந்த சின்ன ஓடுபாதையில் 55 மீட்டர் கண்ணை உறுத்தும்.

அதே விமானிகள் அன்று சற்று முன்பு போர்ட்டோ அலெக்ரேயில் இறங்கியபோது புது முறையில் சரியாகச் செய்திருக்கிறார்கள். கொங்கோன்யாஸில் இடது லீவர் மட்டும் ரிவர்ஸுக்கு வந்தது. வலது லீவர் மேலேறும்போது வைக்கிற 'க்ளைம்ப்' நிலையிலேயே பதிவாகியிருந்தது. என்ஜின் விசையைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோ த்ரஸ்ட் ஓடும்போது ஏர்பஸ்ஸில் லீவர் தானாக நகராது, நாம்தான் இழுக்க வேண்டும். ஒரு லீவர் மேலேயே இருந்ததால், இறக்கை மேல் எழும்பி விமானத்தைத் தரையில் அழுத்தும் தகடான ஸ்பாய்லர் எழும்பவில்லை. ஸ்பாய்லர் எழும்பாததால் ஆட்டோ பிரேக்கும் பிடிக்கவில்லை. வலது என்ஜின் முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தது. லீவரை விமானி விட்டுவிட்டாரா, லீவரிலேயே கோளாறா என்று விசாரணையால் அறுதியிட முடியவில்லை. முதலாவதுக்கே வாய்ப்பு அதிகம் என்றார்கள்.

என்னைத் தூங்கவிடாதது வேறு. ரிவர்சர் ஒன்றுதான் இருக்கிறது என்று காக்பிட்டில் ஒருவருக்கொருவர் நினைவூட்டிக்கொண்டுதான் இறங்கியிருக்கிறார்கள். குறை என்ன என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஜூலை 11, வெள்ளி

அந்த 'வழக்கம்போல்' பற்றி முறைப்படி எழுதிப் போட்டேன். அடுத்த திருத்தத்தில் பரிசீலிக்கிறோம் என்று பதில். அடுத்த திருத்தம் எப்போது என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

கேன்டீனில் அதே ஏ.எம்.இ. எதிரே வந்து உட்கார்ந்தார். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். "எங்க பக்கத்துல எந்த போல்ட், எந்த பின்னுன்னு படத்தோட இருக்கு மேடம். உங்க பக்கத்தை நாங்க படிக்கிறதே இல்ல" என்றார். பொய்யில்லை. அவர்கள் பக்கத்தை நான் எத்தனை முறை படித்திருக்கிறேன்?

ஜூலை 13, ஞாயிறு

அதே விமானம், மதுரை. இந்த முறை வேறு கேப்டன். சாயங்காலம் இடி மழை, ஓடுபாதை ஈரம், நீளம் 2,285 மீட்டர். கணக்கில் இடம் தாராளமாகவே இருந்தது. இருந்தாலும் இறங்கத் தொடங்குமுன் நான் வாய்விட்டுச் சொன்னேன்: "ரெண்டு லீவரும் ஐடில், ரெண்டும் ரிவர்ஸ். நான் ஸ்பாய்லர் பார்த்துச் சொல்றேன்." அவர் சிரித்தார். "பரீட்சைக்குப் படிச்ச மாதிரி சொல்றியேம்மா."

20 அடியில் 'ரிடார்ட்' (லீவரைப் பின்னுக்கு இழு) என்று விமானம் கத்தியது. அவருடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒன்றாகப் பின்னால் வந்தன. பார்த்ததில் பாதி ஸ்டிக்கர்தான், மீதி எங்கோ உதிர்ந்துவிட்டிருந்தது. திரையில் ஸ்பாய்லர் பச்சை. "ஸ்பாய்லர்ஸ்" என்றேன். குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்திருக்க வேண்டும், டாக்ஸி வே திரும்பும்போது அவர் சொன்னார்: "என் பழைய கை ஒண்ணை மட்டும்தான் தேடிச்சு. நீ சொன்னது காதுல இருந்துச்சு."

அதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இறங்கும்போது நீட்டியிருந்த இறக்கை ஃப்ளாப்பை ஏற்றினேன்.

ஜூலை 16, புதன்

பொருள் வந்து, நேற்று இரவு ரிவர்சரைச் சரிசெய்துவிட்டார்கள். டெக் லாக்கில் அந்த வரி மூடப்பட்டாயிற்று. இப்போது திறந்திருப்பது விமானத்தின் பின்பக்கச் சமையலறையில் காபி மேக்கர் மட்டும்.

லீவரில் ஸ்டிக்கரின் பசை இன்னும் பிசுபிசுக்கிறது. எம்.இ.எல்.லைத் திறந்து பார்த்தேன். 'வழக்கம்போல்' அங்கேயே இருக்கிறது.