பிரஸ்ஸே வேணாம்ணே!

"டேய், செட்டப் பேரிங் எங்கடா?"

சென்னைப் புதுப்பேட்டைப் பக்கம் ஹவுசிங் (வண்டியின் பின் ஆக்சிலில் கியர் இருக்கிற பெட்டி) வேலை பார்க்கிற ஷெட்டில் மாஸ்டர் டீ குடித்துவிட்டு வந்து கேட்கிற கேள்வி இது. பையன் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. "பினியன்ல ஏத்திட்டேண்ணே. புதுசு சும்மா வழுக்கிக்கிட்டு ஏறிச்சு, பிரஸ்ஸே வேணாம்ணே!"

மாஸ்டருக்கு டீ இறங்காது. பிரஸ் மெஷினில் அழுத்தாமல் வழுக்கிக்கொண்டு ஏறினால் அது புதுசே இல்லை; ஆழம் சோதிக்க மட்டும் வைத்திருக்கிற பழைய பேரிங், அதாவது செட்டப் பேரிங். அப்படியே வண்டி ரோட்டுக்குப் போனால் உள்வளையம் ஷாஃப்ட்டில் சுழன்று ஷிம்மை (ஆழம் சரிசெய்ய வைக்கிற மெல்லிய வளையம்) தின்னும். பினியன் என்ற சின்ன கியர் இடம் மாறும், அது சுற்றுகிற பெரிய கியரான கிரவுன் ஊளையிடும்.

பினியன் தலைக்கும் பேரிங்குக்கும் நடுவே ஷிம் போகிற ஹவுசிங்கில் பினியன் நிற்கிற ஆழம் ஒரே தடவையில் அமைவது லாட்டரி. 0.05 மி.மீ. மாற்றக்கூடப் பேரிங்கைக் கழற்றணும். புதுசைப் புல்லர் போட்டு இரண்டு தடவை பிடுங்கினால் கூடு கோணிக்கொள்ளும். அதனால்தான் பழைய பேரிங்கின் உள்துளையை எமரி (உப்புத்தாள்) டிரம்மால் சுற்றிச் சுற்றி ஒரே சீராகத் தேய்த்து, கையால் ஏறி இறங்கும்படி செய்துகொள்வது. சில நூறில் ஒரு பங்கு மி.மீ. போதும். பக்கவாட்டு முகத்தில் மட்டும் எமரி படவே கூடாது. உயரம் குறைந்தால் ஷிம் கணக்கே காலி. (ஷிம் வெளிவளையத்துக்குப் பின்னால் போகிற வகை என்றால், தேய்க்க வேண்டியது அந்த வளையத்தின் வெளிப்பக்கம்.)

பழசையும் புதுசையும் மைக்ரோமீட்டரில் அளந்தே ஆகணும். பழசு புதுசைவிட 0.04 மி.மீ. உயரம் என்றால், கடைசியில் புதுசு போடும்போது ஷிம்மில் அந்த 0.04 ஏறணும். இதை மறந்துவிட்டுப் பேரிங் கம்பெனியைத் திட்டுகிறவர்கள் அநேகம்.

சோதனையில் கிரஷ் ஸ்லீவ் (இரண்டு பேரிங்குக்கும் நடுவே போடுகிற குழாய்) வேண்டாம், அது ஒரு தடவை நசுங்குகிற சாமான். நட்டை லேசாகப் பிடிமானம் வரும்வரை இறுக்கி, டயல் கேஜில் பேக்லாஷ் (பற்களுக்கு நடுவே இருக்கிற தளர்வு) பார்க்கணும். பெரும்பாலும் 0.15 முதல் 0.25 மி.மீ.; வண்டியின் மேனுவல் சொல்வதே முடிவு. பிறகு பல் பதிகிற தடம் பார்க்க, கிரவுன் பல்லில் மஞ்சள் பேஸ்ட். தடம் பல்லின் அடியில் விழுந்தால் பினியன் அதிகம் நெருங்கிவிட்டது, ஷிம்மைக் குறை. நுனியில் விழுந்தால் கூட்டு. ஒவ்வொரு தடவையும் பேக்லாஷ் மறுபடி முதலிலிருந்து.

மாஸ்டர் அன்றே அந்தப் பேரிங்குக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்து, சுவரில் ஆணியில் மாட்டிவிட்டார். ஆயுத பூஜைக்குப் பையன் அதற்குத்தான் முதலில் சந்தனம், குங்குமம் வைத்தான். வண்டி விட வந்த கஸ்டமர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.