என் பிளஸ் டூ பிள்ளைகள்

இன்று கடைசி செய்முறைத் தேர்வை முடித்துவிட்டுக் கிளம்பினார்கள். வகுப்பறை வெறிச்சோடிக் கிடக்கிறது, மனசும்தான்.

ஜூனில் மைக்கைப் பார்த்தாலே ஒதுங்கிய பிள்ளைகள் இவர்கள். கலைத் திருவிழாவில் பறையாட்டம் என்று முடிவானதும் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு வேப்பமரத்தடியில் பயிற்சி. அடி சொல்லிக்கொடுத்தவர் ஒரு மாணவியின் தாத்தா. வட்டார அளவில் முதலிடம், மாவட்டத்தில் இரண்டாமிடம். முடிவைச் சொன்னபோது அந்தப் பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை மறக்கவே மாட்டேன்.

கபடியில் காலிறுதியோடு சரி. என்.எஸ்.எஸ். முகாமில் ஏரிக்கரை நெடுகப் பனை விதை ஊன்றினார்கள்.

இரண்டு பேர் நீட் எழுதுகிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு கொடுத்த தைரியம் அது.

"பொண்ணு படிச்சது போதும்" என்று நின்ற ஓர் அப்பாவிடம், கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பதை எடுத்துச் சொன்னேன். மூன்று முறை வீட்டுக்குப் போனேன். போன வாரம், "சரி டீச்சர், காலேஜ் போகட்டும்" என்றார். கோப்பைகளைவிட எனக்கு இதுதான் பெரிது.

மார்ச்சில் பொதுத்தேர்வு. ஹால் டிக்கெட்டை மறந்துடாதீங்க, கண்ணுங்களா.