தண்ணீர் படாத சேலை
சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் அம்மாவுக்கு எடுத்த மாம்பழ மஞ்சள் சேலை. முதல் அலசலிலேயே அரக்கு பார்டர் சாயம் விட்டு, வாளித் தண்ணீர் பீட்ரூட் சாறு மாதிரி ஆகிவிட்டது. உப்புப் போட்டுத் தனியாகத்தான் அலசினேன்!

"தண்ணீர் பட்ட துணியை எடுக்க மாட்டோம் அக்கா" என்கிறார் கடைக்காரர். சேலை என்றால் தண்ணீர் படாமல் இருக்குமா? ‘டிரை வாஷ் மட்டும்’ என்று சீட்டு ஒட்டியிருந்தால் நானே வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

பில்லில் கெடு போடவில்லையென்றால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதிந்துவிட்டேன். அடுத்தது நுகர்வோர் ஆணையம்தான். ஒரு சேலை விலை அளவுத் தொகைக்கு அங்கே புகார்க் கட்டணமும் கிடையாது.

சேலையை மறுபடி நனைக்காமல் பில்லோடு வைத்திருக்கிறேன். அம்மாவோ, "கொடுத்துவிடு, வீட்டில் கட்டிக்கொள்கிறேன்" என்கிறாள்.