பத்து நாள்ல நாலு கிலோ குறைச்சேன், அதுல பாதி கூட கொழுப்பு இல்ல

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கிறுக்குத்தனம் பண்ணேன். அப்போ வயசு 38, உயரம் 160 சென்டிமீட்டர், வெயிட் 74 கிலோ. ஒரு போட்டோல என்னையே பாத்து கடுப்பாகி, மறுநாள்ல இருந்து ஜூஸ், சூப், ரெண்டு பழம், அவ்ளோதான் சாப்பாடுன்னு இறங்கிட்டேன். பத்தாவது நாள் மெஷின்ல 70. உடனே அக்காவுக்கு போன் போட்டு ஒரே பீத்தல். அவ பாராட்டவே இல்ல, "இடுப்ப அளந்தியாடி?"ன்னு மட்டும் கேட்டா. அளந்தேன். அரை இன்ச் குறைஞ்சிருந்துச்சு, அதுவும் மூச்ச இழுத்து பிடிச்சு.

அப்புறம்தான் கணக்கு போட்டு பாத்தேன், முன்னாடியே போட்டிருக்கணும். உடம்புல சேந்திருக்கற கொழுப்புல ஒரு கிலோ கரையணும்னா சுமாரா 7,700 கலோரி பற்றாக்குறை வேணும். எனக்கு ஒரு நாளைக்கு செலவாகறது ஏறக்குறைய 1,900, நான் உள்ள தள்ளினது 600, அப்ப பத்து நாளைக்கு 13,000 கலோரி பற்றாக்குறை. அது முழுக்க கொழுப்புல இருந்தே போயிருந்தா கூட 1.7 கிலோ தான் வரும். மீதி எங்க போச்சு? பெரும்பாலும் தண்ணி. நம்ம ஈரல்லயும் தசையிலயும் மாவுச்சத்து கிளைகோஜன்னு சேமிச்சு வெச்சிருக்கும், மொத்தமா அரை கிலோ போல இருக்கும், அதுல ஒவ்வொரு கிராமும் மூணு கிராம் தண்ணிய கூடவே பிடிச்சு வெச்சுக்கும். சாப்பாட்ட வெட்டினதும் மொதல்ல காலியாகறது இதுதான். அது போக குடல்ல இருக்க வேண்டிய சாப்பாடும் இல்ல, கொஞ்சம் தசையும் போயிருக்கும். "ஏழு நாள்ல அஞ்சு கிலோ கொழுப்பு"ன்னு யாராவது சொன்னா, என்னை மாதிரி உடம்பு ஒரு வாரம் சுத்தமா பட்டினி கிடந்தாலும் 1.8 கிலோவ தாண்டாதுன்னு நீங்களே வகுத்து பாத்துக்கலாம்.

அந்த நாலு கிலோ திரும்பி வர மூணு மாசம் ஆச்சு, கூட ஒரு கிலோவையும் கூட்டிட்டு வந்துச்சு. நடுவுல முடி கொத்து கொத்தா கொட்டுச்சு, உடனே இல்ல, ரெண்டு மாசம் கழிச்சு, அதனால எதனாலன்னே புரியாம ஷாம்பூ ஷாம்பூவா மாத்திட்டு இருந்தேன். டாக்டர் கிட்ட போனப்ப தான் அது அந்த பத்து நாள் பட்டினியாலன்னு தெரிஞ்சுது, அவர் இன்னொன்னும் சொன்னார்: ரொம்ப வேகமா எடை குறைஞ்சா பித்தப்பைல கல் வர வாய்ப்பு கூடும். பித்த நீர்ல கொலஸ்ட்ரால் அதிகமாகுது, சாப்பாடு போகாததால பித்தப்பையும் சரியா சுருங்கறதில்ல, பித்த நீர் வெளிய போகாம அப்படியே தேங்குது. வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சி போனா ஒரு கிலோ, அதுக்கு மேல ஆசைப்படாதீங்கன்னார்.

இந்த மெட்டபாலிசம், அதாவது உடம்பு கலோரி எரிக்கற விஷயத்துல நிறைய புருடா சுத்துது. சும்மா படுத்து கிடந்தாலே இதயம், மூளை, ஈரல், கிட்னி ஓட செலவாகற கலோரி தான் மொத்த செலவுல 60, 70 சதவீதம். எடை, உயரம், வயச வெச்சு இந்த ஓய்வு செலவ கணக்கு போடற, 1990ல வந்த மிஃப்ளின் ஃபார்முலாவுல போட்டா அப்போ எனக்கு 1,389 வந்துச்சு. வயசு 40 நெருங்குது, மெட்டபாலிசம் படுத்துருச்சுன்னு நானும் சாக்கு சொல்லிட்டு தான் இருந்தேன், ஆனா 2021ல 6,400 பேருக்கு மேல அளந்து வந்த ஆராய்ச்சில உடம்போட அளவ கணக்குல எடுத்துக்கிட்டா 20 வயசுல இருந்து 60 வரைக்கும் பெருசா மாறவே இல்லன்னு வந்துருச்சு. சாக்கு போச்சு.

ஆனா பட்டினி போட்டா உடம்பு கஞ்சத்தனம் பண்றது நிஜம். 1944-45ல அமெரிக்காவுல மினசோட்டாவுல ஆன்செல் கீஸ்ன்னு ஒருத்தர் 36 ஆம்பளைங்களுக்கு ஆறு மாசம் பாதி பட்டினி போட்டு பாத்தார். எடை கால்வாசி குறைஞ்சுது, ஓய்வுல ஆகற செலவு ஏறக்குறைய 40 சதவீதம் இறங்கிருச்சு, எப்பவும் குளிர், எப்பவும் சாப்பாட்டு நெனப்பு. எனக்கு பத்தே நாள்ல அந்த நெனப்பு வந்துச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு சமையல் வீடியோ பாத்துட்டு உக்காந்திருந்தேன்.

சரி, மாத்திரை போட்டு மெட்டபாலிசத்த ஏத்தலாமான்னா, 1930கள்லயே டைநைட்ரோஃபீனால்னு ஒரு மருந்து அத உண்மையிலயே பண்ணுச்சு, கொழுப்பும் குறைஞ்சுது, கூடவே உடம்பு சூடு ஏறி ஆளுங்க செத்தாங்க, கண்ல புரை விழுந்துச்சு. 1938ல அமெரிக்காவுல அத நிறுத்திட்டாங்க. இன்னமும் ஆன்லைன்ல திருட்டுத்தனமா விக்கறாங்க, தொடவே தொடாதீங்க.

ரெண்டாவது தடவை நான் பண்ணது ரொம்ப போரான விஷயம். ஒரு நாளைக்கு 1,450 கலோரி, அதுல 90 கிராம் புரோட்டீன். புரோட்டீன்ல வர கலோரில 20, 30 சதவீதம் அத செரிக்கவே செலவாகிடும், பசியும் தாங்கும், தசையும் காப்பாத்தப்படும். முட்டை, மீன், பயறு, தயிர்னு பிரிச்சு வெச்சுக்கிட்டேன். வாரத்துக்கு ரெண்டு நாள் வெயிட் தூக்கினேன். தசை வளந்தா தூக்கத்துலயே கொழுப்பு எரியும்னு ஜிம்ல சொல்லுவாங்க, அதுவும் கொஞ்சம் ஓவர் தான், ஒரு கிலோ தசை ஓய்வுல ஒரு நாளைக்கு எரிக்கறது 13 கலோரி போல. நான் தூக்கினது இருக்கற தசை போயிடக்கூடாதுன்னு. வேர்வை பெல்ட் எல்லாம் கட்டல. கரையற கொழுப்பு வேர்வையா ஓடறதில்ல, பத்து கிலோ கொழுப்புல 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடா மூச்சு வழியா தான் போகுது, மீதி தண்ணி. இத கேட்டு அக்கா, "அப்ப நீ பேசிட்டே இருந்தா போதுமேடி"ன்னா.

கணக்குப்படி எட்டு கிலோ குறைய நாலரை மாசம், எனக்கு ஆனது எட்டு மாசம். கண்ணுக்கு தெரியாம வாய்க்குள்ள போனதெல்லாம் கணக்குல வரல, அதான். 75ல இருந்து 67, இடுப்புல நாலு இன்ச். தினமும் மெஷின் ஏறுவேன், ஆனா வார சராசரி தான் எழுதுவேன், உப்பு ஜாஸ்தியானாலோ பீரியட்ஸ் வந்தாலோ ஒரே நாள்ல ஒரு கிலோ ஆடும்.

சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்க, கர்ப்பமா இருக்கறவங்க, பால் கொடுக்கறவங்க என் நம்பர பாத்து ஆரம்பிச்சிடாதீங்க, டாக்டர் கிட்ட கேட்டுட்டு தான்.

இப்ப ஒரு மாசமா 67லயே நிக்குது. எட்டு கிலோ குறைஞ்ச உடம்புக்கு செலவும் குறைஞ்சிருக்கும்ல, நாளைக்கு உக்காந்து ஃபார்முலாவ திரும்ப போடணும்.